ஒரே ஒரு பரங்கிக்காய் வேண்டும்

விவசாயம் என்றால் வெயிலில் காய்வது என்று நினைத்துத்தான் நான் இந்தத் தொழிலில் இறங்கினேன். மார்கழிப் பனியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒன்றும் புரியாமல் செடிக்கு முன்னால் நிற்பதும் இதே தொழில்தான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மொட்டை மாடியில் நாலு தொட்டி வைத்துக்கொண்டு, தினமும் காலையில் "உனக்கு என்னதான் குறை வைத்தேன்?" என்று செடியிடம் கேட்கும் அன்பர்களே, நாமெல்லாம் ஒரே கட்சி.

மதாமின் கெடு

நான் இருபது வருஷம் பஞ்சாலையில் மிஷின் பார்த்தவன். ஆலை மூடிய பிறகு என்னென்னவோ வேலை செய்துவிட்டு, கடைசியில் உழவர்கரையில் ஒரு முப்பது சென்ட் நிலத்துக்கு வந்து சேர்ந்தேன். நாலு பக்கமும் மாடி வீடு, நடுவில் எப்படியோ மிச்சமிருக்கும் நிலம். நெல்லித்தோப்பு வீட்டிலிருந்து வண்டியில் கால் மணி நேரம். நிலத்துக்குச் சொந்தக்காரர் மதாம், பிரெஞ்சு மரியாதையில் 'அம்மா'. பிரான்ஸ் குடியுரிமை, அங்கே ஏதோ மலைப்பக்கம் வீடு. வருஷத்துக்கு ஒரு முறை பொங்கலுக்கு வருவார்.

கார்த்திகை மழையில் கத்தரி அழுகியது, வெண்டை சாய்ந்தது. மேட்டில் போட்டிருந்த நாலு குழி பரங்கி மட்டும் தப்பித்தது. அந்த நேரம் பார்த்து மதாமுக்கு யாரோ ஒரு பில்டர் போன் போட்டிருக்கிறான். மதாம் எனக்குப் போன் போட்டார். "மாணிக்கம், நல்லாக் கேட்டுக்க. பொங்கலுக்குப் படைக்க எங்க நெலத்துப் பரங்கிக்காய் ஒண்ணே ஒண்ணு குடு, நெலம் நெலமாவே இருக்கட்டும். அதுவும் இல்லன்னா எதுக்கு நெலம்? ஃபிளாட்டே கட்டிட்டுப் போறான்!"

குளிர் யாருக்கு?

மார்கழி பிறந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. விடியற்காலையில் இலையெல்லாம் பனியில் சொட்டச் சொட்ட நனைந்து, கொடி சுருண்டு கிடப்பதுபோலத் தெரிந்தது. கொடி சுருண்டிருக்கிறதா, என் கண்தான் சுருங்கியிருக்கிறதா என்று தெரியாது. போன வருஷம் மதாம் விட்டுப்போன கோட்டு ஒன்று என்னிடம் இருந்தது. முழங்கால் வரை வரும், உள்ளே பஞ்சு. அதற்கு மேலே குரங்குக் குல்லா. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இஞ்சி டீ போட ஆரம்பித்தார்.

முன்னெச்சரிக்கையாக இருக்கட்டும் என்று மதாமுக்கு வீடியோ கால் போட்டு, "குளுரு தாங்கல மதாம், செடியெல்லாம் வெறைச்சுப் போவுது" என்றேன். அவர் போனை ஜன்னல் பக்கம் திருப்பினார். ஒரே வெள்ளை. நடுவில் ஒருவர் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். "எங்க வீட்டுக்காரர் அரைமணி நேரமா காரைத் தேடிட்டிருக்கார். உன் செடி கண்ணுக்குத் தெரியுதில்ல? அப்பறம் என்ன?"

வாசலில் கூட்டம்

மார்கழி முதல் தேதி காலை ஐந்தரை மணிக்கு வேலிக்கு வெளியே ஆறேழு பெண்கள். என்ன தப்பு செய்தேனோ என்று பதறிவிட்டேன். கோலத்தில் சாணி உருண்டை மேல் வைக்கப் பரங்கிப்பூ வேண்டுமாம். மார்க்கெட்டில் தேடினாலும் கிடைக்கவில்லையாம். ஆலையில் இருபது வருஷம் இருந்தும் என் வேலையைத் தேடி ஒருத்தர் வாசலில் நின்றதில்லை. பெருமை தாங்கவில்லை. கைக்கு வந்த பூவையெல்லாம் பறித்து நீட்டினேன்.

எதிர் வீட்டு கோமதியம்மாதான் ஒரு பூவைத் திருப்பிக் கொடுத்தார். பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவுக்குப் பச்சையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு முதுகில் வியர்த்தது. மதாமின் காயை நானே பறித்து நீட்டியிருக்கிறேன். கோமதியம்மா என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னார்: "அடியில குண்டு இருந்தா அது காய்க்கற பூவுண்ணே. அத உட்டுடுங்க. காய்க்காத பூவாப் பாத்துக் குடுங்க, உங்களுக்கும் நஷ்டமில்ல, எங்களுக்கும் பாவமில்ல."

தண்டப் பூ

அன்றிலிருந்து நான் தெளிந்துவிட்டேன். அதாவது, தெளிந்துவிட்டதாக நினைத்தேன். குண்டு இல்லாத பூ என்றால் தண்டப் பூ. சும்மா நின்று சத்தை உறிஞ்சுகிற பூ. டார்ச் அடித்துத் தேடி, ஒன்று விடாமல் பறித்துத் தெருவுக்கே விநியோகம் செய்தேன். இரண்டு தெரு தள்ளியிருந்தெல்லாம் ஆள் வந்தது. குண்டுப் பூக்களை மட்டும் தொடாமல் காவல் காத்தேன்.

ஆனால் குண்டுகள் பெரிதாகவில்லை. நாலு நாள் பச்சையாக இருக்கும், ஐந்தாம் நாள் மஞ்சளாகும், ஆறாம் நாள் கீழே கிடக்கும். ஒன்று, இரண்டு என்று தினமும் உதிர்ந்தது. என் கையே ராசியில்லாத கையோ என்றுகூடத் தோன்றியது. சாப்பாடு இறங்கவில்லை. குளிர்தான் காரணம் என்று முடிவு கட்டி, காலையில் சருகைக் குவித்து மூட்டம் போட்டுக் கொடியைக் குளிர்காய வைத்தேன். அப்போதும் உதிர்ந்தது. பொறுக்கிய பிஞ்சுகளைப் பையில் போட்டுக்கொண்டு உரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கதை முழுக்கக் கேட்டார். புகை போட்டதைச் சொன்னதும் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "தேனீயே இப்பல்லாம் கண்ல படறதில்ல, அதையும் புகை போட்டு வெரட்டிட்டீங்க. செடிக்குக் குளுருதுன்னு உங்ககிட்ட வந்து சொல்லுச்சாண்ணே?"

சரோஜா நினைத்தது

தேனீக்கும் பரங்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வெட்கமாக இருந்ததால், கேட்காமலே திரும்பினேன். நிலத்தில் சரோஜா களை எடுத்துக்கொண்டிருந்தாள். வாரத்துக்கு இரண்டு நாள் வருபவள். சின்ன வயசிலிருந்து இதே வேலை. மதாமின் கெடுவை நான் அவளிடம் சொல்லவே இல்லை. சொன்னால் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விடுவாளோ என்று பயம். அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். போகிக்கு மூன்று நாள் இருந்தது.

அவள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு என் எதிரே வந்து நின்றாள். அவள் சொல்லித்தான் தெரிந்தது: நான் தண்டம் என்று பறித்ததெல்லாம் ஆண் பூ. அதன் மகரந்தத்தைத் தேனீ கொண்டுபோய்ப் பெண் பூவில் சேர்த்தால்தான் பிஞ்சு நிற்கும். பொழுது ஏறித் தேனீ வருவதற்குள் நான் ஆண் பூவையெல்லாம் கோலத்துக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு மாதமாக அவள் இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "இதை ஏன் அப்பவே சொல்லல?" என்று கத்தினேன். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. "தெனம் தெருவுக்கே பூ குடுக்கறீங்க. காய் வேணாம், கோலத்துக்குத்தான் வளக்கறீங்க போலன்னு நெனச்சேன். எனக்கும் இந்த நெலந்தானேண்ணே கஞ்சி ஊத்துது, தெரிஞ்சா சும்மா இருப்பேனா?"

எட்டாத இடம்

போகியன்று மதாம் வந்து இறங்கினார். மெல்லிசு பருத்திப் புடவை. வியர்க்கிறது என்று முந்தானையால் விசிறிக்கொண்டார். நான் அவருடைய கோட்டுக்குள் நின்றிருந்தேன். நாலு குழியையும் சுற்றி வந்தார். இலையைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை. நான் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். சரோஜா எனக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மதாம் கைப்பையிலிருந்து போனை எடுத்தார். பில்டருக்குத்தான் என்று நினைத்தேன்.

அப்போது எதிர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து கோமதியம்மா, துணி காயப்போட வந்தவர், கத்தினார்: "அண்ணே, மோட்டார் கொட்டா மேல பாருங்க!" ஒரு கொடி கொட்டகைக் கூரைமேல் ஏறிப் போயிருக்கிறது. நான் முட்டிவலிக்காரன், அங்கே ஏறிப் பூப் பறித்ததில்லை. என் டார்ச்சும் அங்கே போனதில்லை, அந்த மூலையில் நான் மூட்டமும் போட்டதில்லை. அங்கே ஆண் பூவும் தப்பியிருக்கிறது, தேனீயும் வந்திருக்கிறது. சரோஜா ஏணி வைத்து ஏறினாள். இலைக்கு நடுவில், அவள் இரண்டு கையாலும் தூக்கவேண்டிய அளவுக்கு ஒரு பரங்கிக்காய் உட்கார்ந்திருந்தது.

மதாம் அதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். போனைப் பைக்குள் போட்டார். கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். பிரெஞ்சில் நன்றி சொன்னார்: "மெர்சி, மாணிக்கம். வர்ற வருஷமும் நீயே பாத்துக்க. ஆனா கொஞ்சம் கம்மியாப் பாத்துக்க."

இருபது வருஷம் கண்ணைச் சிமிட்டாமல் மிஷினைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவனுக்கு, பார்க்காமல் இருப்பதும் ஒரு வேலைதான் என்று பழக இன்னும் எத்தனை மார்கழி ஆகுமோ, அதுவும் எனக்குப் புரியவில்லை.