பெட்ரோல் வாளுக்கு மரியாதை தெரியாது

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் மரியாதை தெரியாதவன் என்று பெயர் எடுத்திருக்கிறேன். வாய்த்துடுக்கால் வந்த பெயர் இல்லை, கால்சட்டையால் வந்தது. காலையில் மரமில்லுக்குப் போகும் வழியில் சாயாக்கடையில் நிற்போம். எல்லாரும் முண்டை, அதாவது வேட்டியை, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருப்பார்கள். இங்கே அதற்கு மடக்கிக் குத்துவது என்று பெயர். நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர், பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற மாஷ், குடையை ஊன்றிக்கொண்டு அந்த வழியே வருவார். அவர் தலை தெரிந்ததும் கடையில் இருக்கிற அத்தனை பேருடைய முண்டும் சரசரவென்று கீழே இறங்கும். யாரும் யோசித்துச் செய்வதில்லை. பேச்சுகூட நிற்காது, கை மட்டும் போய் அவிழ்த்துவிடும். நான் காக்கிக் கால்சட்டையோடு எழுந்து நின்று தலையை ஆட்டுவேன். அது எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. வாடகை வீட்டில் குடியிருந்துகொண்டு மாஷ் முன்னால் துரை மாதிரி நிற்கிறான் என்று தெருவில் பேச்சு. நம் ஊரிலும் பெரியவர் வந்தால் வேட்டியை இறக்கிவிடுவோமே, உனக்குத் தெரியாதா என்று செங்கோட்டையில் இருக்கிற நீங்கள் கேட்பீர்கள். தெரியும். தெரிந்தும் இறக்கிவிட என்னிடம் ஒன்றும் இல்லை என்பதுதான் என் பாடு.

கால்சட்டை போட வைத்தது வேலை. எழுபதுகளின் கடைசியில் நான் இங்கே வந்தபோது மில்லில் பெரிய மரங்களை இரண்டு ஆள் இழுக்கும் வாளால்தான் துண்டு போட்டார்கள். பிறகு முதலாளியின் மருமகன் வளைகுடாவிலிருந்து ஒரு பெட்ரோல் வாள் கொண்டுவந்தார். டேப் ரிக்கார்டரும் அதுவும் ஒரே பெட்டியில் வந்து இறங்கின. டேப் ரிக்கார்டரை இயக்க வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வாளை இயக்க யாருக்கும் தெரியவில்லை. நான் வால்பாறை எஸ்டேட்டில் இந்த மெஷினோடு சில வருஷம் கிடந்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டு, “அண்ணாச்சி, இது இனி நின்றெ சார்ஜ்” என்று முதலாளி ஒப்படைத்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பொறுப்பு மட்டும் என்னுடையது, பேச்சைக் கேட்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

எஸ்டேட்டில் மெக்கானிக் சொல்லாமல் யாரும் மெஷினைத் தொட முடியாது. பெட்ரோலில் அதற்குரிய எண்ணெயை அளந்து கலக்க வேண்டும்; வெறும் பெட்ரோலை ஊற்றினால் என்ஜின் உள்ளுக்குள்ளேயே தேய்ந்து இறுகிப்போகும். செயினுக்கு வேறு எண்ணெய், அதற்குத் தனித் தொட்டி. செயின் தொங்கவும் கூடாது, இறுகவும் கூடாது. என்ஜினை நிறுத்திவிட்டுக் கையுறை போட்ட விரலால் இழுத்தால் நகர வேண்டும். பற்களை வட்ட அரத்தால் ஒரே திசையில் ராவ வேண்டும். கூராக இருந்தால் மரம் சீவலாக வந்து விழும். மழுங்கியிருந்தால் மாவாகக் கொட்டும், அப்போது ஆள் தன் பலத்தைப் போட்டு அழுத்துவான், அழுத்தினால் ஆபத்து. கிளப்பும்போது மெஷின் தரையில் இருக்க வேண்டும், ஒரு கால் அதன் பின்பிடியை மிதித்திருக்க வேண்டும். அலகின் மூக்கு நுனி மரத்தில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கித் துள்ளும். ஓடுகிற மெஷினில் இரண்டு கையும் இருக்க வேண்டும். தொங்குகிற துணி எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. இதையெல்லாம் எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில் தினமும் சொன்னேன். சொல்லிச் சொல்லித் தொண்டைதான் வறண்டது.

கேட்காதவர்களில் முதல் ஆள் ஜோசப் சேட்டன். சுள்ளிக்கல்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னோடு மெஷினை மாற்றி மாற்றிப் பிடிப்பவர். மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லிவிடுவார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் உதட்டில் பீடி புகைய, சூடு ஆறாத மெஷினில் பெட்ரோல் ஊற்றுவார். மெஷினைக் கையில் தொங்கவிட்டபடி கயிற்றை இழுத்துக் கிளப்புவார். காற்று வடிகட்டியில் தூள் அடைத்துக்கொண்டு மெஷின் திணறினால் கழற்றித் துடைக்கமாட்டார், மெஷினை ஒரு தட்டுத் தட்டுவார். முண்டை மடக்கிக் குத்திக்கொண்டுதான் அறுப்பார். தோப்பும்படித் தையற்காரரிடம் அவருக்கும் என் செலவில் ஒரு காக்கிக் கால்சட்டை தைத்தேன். ஒரே ஒரு நாள் போட்டார். சாயங்காலம் அதை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

“அண்ணாச்சி, இதிட்டால் எனிக்கு நடக்கான் பற்றில்லா. ஆளுகள் போலீஸெந்நு விசாரிச்சு பேடிக்கும்.” இதைப் போட்டால் நடக்க முடியவில்லையாம், போலீஸ் என்று நினைத்து ஆட்கள் பயப்படுவார்களாம்.

“சேட்டா, முண்டு செயின்ல மாட்டினா நடக்கறதுக்குக் காலே இருக்காது.”

“முண்டு மடக்கிக் குத்தியிட்டுண்டல்லோ. முட்டினு மேலயாணு. பின்னெ எந்தா?”

முழங்காலுக்கு மேலே இருக்கிறதே, பிறகென்ன என்கிறார். மடித்துக் கட்டியிருக்கிற வரைக்கும் அவர் சொல்வதில் பாதி நியாயம் இருந்தது. முதலாளியிடம் போய் முறையிட்டேன். “அண்ணாச்சி, ப்ரசங்கம் மதி. மழைக்கு மும்பு பணி தீர்க்கு” என்றார், பேசியது போதும், மழைக்கு முன்னால் வேலையை முடி என்று. மழை இந்த ஊரில் எப்போதும் வரப்போகிறதாகவோ, பெய்துகொண்டோ இருக்கும். ஆகையால் என் பிரசங்கத்துக்கு ஒரு நாளும் நேரம் கிடைக்கவில்லை.

போன மழைக்காலத்தில் சுள்ளிக்கல்லில் ஒரு வீட்டு வளவில் பெரிய மாமரம் விழுந்து பாதையை மறித்துக் கிடந்தது. நானும் ஜோசப் சேட்டனும் போனோம். காலையிலேயே செயினை ராவி, எண்ணெய் பார்த்து, எல்லாம் சரியாக வைத்திருந்தேன். அடிமரத்தை நான் அறுத்தேன். கிளைகளைக் கழிக்க அவர் மெஷினை வாங்கிக்கொண்டார். அவருடைய சொந்தத் தெரு அது. வேலியோரம் நின்றவர்கள் எல்லாரும் அவருக்குத் தெரிந்தவர்கள். நான் அவர் பின்னால் இரண்டடி தள்ளி நின்று, கழித்த கொம்புகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது பாதை திறந்துவிட்டதா என்று பார்க்கப் பக்கத்துப் பள்ளியின் அச்சன் வந்தார். இங்கே தேவாலயத்தைப் பள்ளி என்பார்கள், பாதிரியாரை அச்சன் என்பார்கள். ஜோசப் சேட்டனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கிழவர் அவர்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஜோசப் சேட்டன் நிமிர்ந்து அச்சனைப் பார்த்தார். அவருடைய இடது கை மெஷினை விட்டது. இடுப்புக்குப் போனது. முண்டை அவிழ்த்துவிட்டது.

நான் கத்தினேன். அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இறங்கிய முண்டின் ஓரத்தைச் செயின் இழுத்தது, துணியோடு மெஷின் அவர் தொடைப்பக்கம் திரும்பியது. எட்டிப் பாய்ந்து கட்டைவிரலால் நிறுத்தும் பொத்தானைத் தள்ளினேன். துணி பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு செயின் அதற்குள் திணறியிருந்தது. அதனால்தான் எலும்பு தப்பியது என்று நினைக்கிறேன். முழங்காலுக்கு மேலே சதை பிளந்து கிடந்தது. அதே முண்டைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினேன். அச்சன் அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஜெபித்தார். இந்த மனுஷர் ஒரு நிமிஷம் பிந்தி வந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் மேல் என்ன தப்பு, நடந்துதானே வந்தார்.

கால் பிழைத்தது, ஆனால் முன்போல் மடங்காது. மரவேலைக்கு இனி ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மில்லில் அது ‘பாண்டிக்காரன்றெ மெஷின்’, தமிழனுடைய மெஷின், ஆகிவிட்டது. வளைகுடாவில் வாங்கி முதலாளி வீட்டுப் பெட்டியில் வந்த மெஷின் எப்படி என்னுடையதாயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது.

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். உண்மையைச் சொன்னால் ஒரு வார்த்தையை எதிர்பார்த்துத்தான் போனேன். ‘நீ சொன்னதைக் கேட்டிருக்கலாம்’ என்று அவர் வாயிலிருந்து ஒரு தடவை வந்தால் போதும் என்றிருந்தது. அவர் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார், என் மனைவியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பொறுக்கமுடியாமல் நானே ஆரம்பித்தேன்.

“மெஷின் ஓடறப்போ கையை எடுக்கலாமா சேட்டா? அச்சன் என்ன, கோவிச்சுக்கவா போறார்?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்: “அச்சன் முன்னில் வந்நால் மடக்கிக் குத்தி நில்க்கான் பற்றுமோ? நின்றெ நாட்டில் நில்க்குமோ, அண்ணாச்சி?”

அச்சன் முன்னால் மடித்துக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா, உன் ஊரில் அப்படி நிற்பாயா என்று கேட்கிறார். நிற்கமாட்டேன். செங்கோட்டையில் வயலில் வரப்பு வெட்டும்போது தாய்மாமா வந்தால், மண்வெட்டியைப் போட்டுவிட்டு வேட்டியை இறக்கி, அது சேற்றில் நனைந்தாலும் பரவாயில்லை என்று நின்றவன்தான் நான். ஆரஞ்சை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் குறையவில்லை. யார் மேல் படுவது என்று தெரியாமல் அது இன்னும் என்னோடுதான் இருக்கிறது.

இப்போது என்னோடு மெஷின் பிடிக்க வந்திருப்பவரும் முண்டுதான் கட்டுகிறார். நான் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்கிறார், சிரிக்கிறார், மறுநாளும் முண்டோடு வருகிறார். நான் தினமும் செயினை ராவுகிறேன், தினமும் சொல்கிறேன். யாராவது பெரியவர் வருகிறாரா என்று பாதையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மரம் விழும் திசையைவிட அதுதான் எனக்கு இப்போது பெரிய கவலை.

சென்ற மாதம் தங்கை மகளின் சடங்குக்காகச் செங்கோட்டைக்கு வந்திருந்தேன். வெகுநாள் கழித்து வேட்டி கட்டி, மடித்துக்கொண்டு, தெருமுனையில் நின்றேன். எதிரே தாய்மாமா வந்தார். என் கை உடனே வேட்டிக்குப் போகவில்லை. வலது கட்டைவிரல் காற்றில் ஒரு பொத்தானைத் தேடித் தள்ளியது. எந்த மெஷினை நிறுத்தினேனோ தெரியாது, அது நின்ற பிறகுதான் இடது கை இடுப்புக்கு வந்தது. அதற்குள் மாமா என்னைத் தாண்டிவிட்டார்.

“கொச்சிக்குப் போனவனுக்கு மரியாதை அத்துப்போச்சுடே” என்று பக்கத்தில் வந்தவரிடம் சொல்லிக்கொண்டே போனார்.

கூப்பிட்டு விளக்க வாயெடுத்தேன். எந்தப் பாஷையில் ஆரம்பிப்பது என்று ஒரு கணம் தடுமாறியதில் அவர் வளைவு திரும்பிவிட்டார். வேட்டியின் ஒரு முனை கீழே தொங்க, மறு முனையை இடுப்போடு பிடித்தபடி நான் தெருவில் நின்றிருந்தேன்.