எங்களுக்கு மட்டும் விற்றுப்போன வீடு

என் கணவருடைய நெஞ்சுதான் எங்களை ஸ்பெயினில் வீடு தேட வைத்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் லண்டனுக்கு வந்ததிலிருந்து அவர் மீனும் இறைச்சியும் உறையவைத்து அடுக்கும் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் வேலை செய்தார். தொண்ணூறுகளின் நடுவில் நுரையீரல் கெட்டுப்போய் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். எட்மண்டனில் இருந்த எங்கள் வீட்டுச் சுவர்கள் குளிர் கொட்டும் மாரிகாலம் முழுவதும் ஈரம் கசியும். நான் மூலைகளைத் துடைக்கத் துடைக்கக் கறுப்புப் பூஞ்சணம் திரும்பத் திரும்ப வரும். இரவில் அவர் மூச்சு விசிலடிப்பதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன்.

வெயிலும் காய்ந்த காற்றும் உள்ள ஓரிடத்தில் மாரியைக் கழித்தால் நல்லது என்றார் டாக்டர். அப்படி ஓர் இடத்தில்தான் நாங்கள் பிறந்திருந்தோம். அங்கே அப்போது சண்டை நடந்தது. எங்கள் வீட்டு வளவுக்குள் ஆமி முகாம் போட்டிருந்தது. இதை டாக்டருக்கு விளக்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

ஒருநாள் பேப்பரில் விளம்பரம் பார்த்தேன். ஸ்பெயினில் வீடு விற்கும் லண்டன் கம்பனி ஒன்று, நகரத்து ஹோட்டலில் கண்காட்சி வைத்திருந்தது. நான் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே பகுதியில் நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். என் சம்பளமும் அவருக்கு வேலையிடம் கொடுத்த பணமும் சேர்ந்தால் சின்னதாக ஒன்று வாங்க ஏலும் என்று கணக்குப் பார்த்திருந்தோம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் கிடைத்திருந்தது. நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு அவரோடு போனேன்.

வாசலில் நின்ற இளைஞன் எங்களைக் கண்டதும் சிரித்துக்கொண்டே ஓடிவந்து, கல்யாணம் மேல்மாடியில் நடக்கிறது, லிப்ட் அந்தப் பக்கம் என்று காட்டினான். மேலே ஏதோ இந்தியக் கல்யாணம் நடந்தது உண்மைதான். நாங்கள் வீடு பார்க்க வந்தோம் என்றேன். அவன் முகம் சிவந்தது. அதன்பிறகு அளவுக்கு மீறிய மரியாதை. தோடம்பழச் சாறு, உட்காரக் கதிரை, பளபளக்கும் படப் புத்தகங்கள். என் கணவர் அந்தப் பெடியனைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். எனக்குப் பரிதாபம் வரவில்லை.

வீடு வாங்க விரும்புகிறவர்களை அந்தக் கம்பனியே விமானத்தில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும். நாங்களும் போனோம். மினிபஸ்ஸில் எங்களைத் தவிர எல்லாரும் வெள்ளைக்காரத் தம்பதிகள், ஓய்வு பெற்றவர்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா ஈஸ்ட் ஹாமில் பிறந்து வளர்ந்தவவாம். ஏன் ஸ்பெயினுக்குப் போகிறீர்கள் என்று சும்மா கேட்டேன். தங்கள் தெருவில் இப்போது ஆங்கிலம் கேட்பதே இல்லை, கடைகளின் பெயர்களைக்கூட வாசிக்க முடியாது, வந்தவர்கள் தங்கள் சாப்பாடு, தங்கள் பாஷை, தங்கள் ஆட்கள் என்று தனியாகவே இருக்கிறார்கள் என்றா. பிறகு என் கையைத் தட்டி, உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் வேறு மாதிரி என்றா.

ஸ்பானிய மொழி படிக்கிறீர்களா என்று கேட்டேன். அதற்குத் தேவையே இல்லை என்று மகிழ்ச்சியோடு சொன்னா. அங்கே ஆங்கில டாக்டர், ஆங்கிலக் கசாப்புக் கடை, ஆங்கில மதுக்கடை எல்லாம் இருக்காம். தான் சொன்னது தன் காதிலேயே விழவில்லைப் போலும். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அந்த நேரம் வாய் திறந்திருந்தால் மிச்சப் பயணம் முழுக்கச் சண்டையில் போயிருக்கும்.

அந்த வீடு மலைச்சரிவில் இருந்தது. வரிசையாகக் கட்டிய வெள்ளை வீடுகளில் கடைசி. இரண்டு அறை, சமைக்கச் சின்னக் குசினி, உடுப்புக் காயப்போட மொட்டை மாடி. பஸ் கீழேயே நின்றுவிட்டதால் எல்லாரும் படியேறினோம். ஈஸ்ட் ஹாம் அம்மாவின் கணவர் நடுவழியில் உட்கார்ந்துவிட்டார். என்னுடையவர் ஏறிக்கொண்டே இருந்தார். மேலே போய் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பயந்துபோய்ப் பக்கத்தில் ஓடினேன்.

“இஞ்சாரும்,” என்றார். “எனக்கு மூச்சு வாங்கேல்லை.”

காது கொடுத்துக் கேட்டேன். விசில் இல்லை. நான் அந்த இடத்திலேயே அந்த வீட்டை வாங்கிவிட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். அன்று பின்னேரமே, எங்களோடு வந்திருந்த அந்த இளைஞனிடம் சொல்லி, பிடித்து வைப்பதற்கான முற்பணமும் கட்டினோம். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டை ஈஸ்ட் ஹாம் தம்பதிகள் எடுத்தார்கள்.

லண்டனுக்குத் திரும்பிய சில நாட்களில் அந்த இளைஞன் தொலைபேசியில் பேசினான். மன்னிக்கவேண்டும், அந்த வீட்டை உரிமையாளர் ஏற்கெனவே வேறு ஆட்களுக்கு விற்றுவிட்டாராம், எங்களுக்குக் காட்டியதே பிழையாம். அதற்குப் பதிலாக நெடுஞ்சாலைக் கரையில் ஒரு பிளாட் இருக்கிறது, விலையும் குறைவு என்றான். என் கணவர் ஏமாற்றத்தை விழுங்கிக்கொண்டு, “விடும், வேற வீடு பாப்பம்,” என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. அவனுடைய குரல் அன்று வாசலில் கல்யாணத்துக்கு வழி காட்டிய அதே குரலாக இருந்தது.

எங்கள் மகள் லண்டனில் பிறந்தவள். அப்போது யூனிவர்சிட்டியில் படித்துக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் அவள் ஆங்கிலத்தைக் கேட்டால் யாரும் எங்கள் பிள்ளை என்று சொல்லமாட்டார்கள். அவளிடம், தன் பெயராக ஓர் ஆங்கிலப் பெயரைச் சொல்லி அந்தக் கம்பனிக்குப் போன் பண்ணி, அம்மா அப்பாவுக்கு அந்த வரிசையில் வீடு தேடுகிறேன் என்று கேட்கச் சொன்னேன். அவள் ஹோலில் நின்று பேசினாள். நான் குசினி வாசலில் நின்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறைய நேரம் பேசவில்லை. நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“அம்மா, கடைசி வீடு இன்னும் இருக்கு. வாற மாசம் வந்து பாக்கலாமாம்.”

“வேற என்ன சொன்னவன்?”

“நல்ல அமைதியான இடமாம். இருக்கிற எல்லாரும் எங்கட மாதிரி ஆக்கள்தானாம்.”

பிள்ளை அதைச் சொல்லிவிட்டு அழுதாள். அவர்களுடைய வாயிலிருந்து வந்த “எங்கட” என்ற சொல்லை அவள்தான் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த நிமிடத்துக்காக நான் இன்றுவரை அவர்களை மன்னிக்கவில்லை.

அடுத்த நாளே கம்பனியின் அலுவலகத்துக்குப் போனேன். கணவர் வரமாட்டேன் என்றார். நீங்கள் வராவிட்டால் தனியாகப் போறன் என்றேன். வந்தார். கண்ணாடி ஜன்னல் முழுக்கக் கடலும் வெயிலுமாகப் படங்கள். உள்ளே வயதான ஒரு தம்பதி படப் புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தார்கள். இளைஞன் கோப்பி கொண்டுவரவா என்றான். அந்த வீடு விற்றாயிற்றா என்று கேட்டேன். ஆம் என்றான். நேற்று உங்களோடு பேசியது என் மகள் என்றேன்.

அவன் உள்ளே போய் மனேஜரைக் கூட்டிவந்தான். மனேஜர் மிகவும் இனிமையான மனிதர். பக்கத்து வீடுகளை வாங்கியவர்களில் சிலர் தங்கள் மனக்குறையைச் சொன்னதாக ஒப்புக்கொண்டார். சமையல் மணம், உறவினர் கூட்டம் என்று ஏதேதோ. “அவர்கள் வயதானவர்கள். ஒரே மாதிரி வாழ்ந்து பழகியவர்கள். அங்கே நீங்கள் தனித்துப்போவீர்கள். உங்கள் வசதியை நினைத்துத்தான் அப்படிச் செய்தோம்.”

“என் தனிமையைப் பற்றி நான் உங்களிடம் கேட்கவில்லை,” என்றேன். “வீடு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று பொய் சொன்னீர்கள்.”

என் குரல் உயர்ந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் அன்று வெளியே வந்தது. அந்தத் தம்பதி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. பக்கத்தையும் புரட்டவில்லை. மனேஜர் சுற்றிலும் பார்த்துவிட்டு, நீங்கள் அவ்வளவு விரும்பினால் அந்த வீட்டையே தருகிறோம், இன்றைக்கே பேசி முடிக்கலாம் என்றார்.

நான் வாங்கியிருப்பேன். வீம்புக்கென்றே வாங்கி, அந்த அம்மாவின் சுவருக்குப் பக்கத்தில் கருவாடு பொரித்திருப்பேன். ஆனால் அதுவரை வாய் திறக்காமல் நின்ற என் கணவர், வேண்டாம், கட்டிய காசைத் திருப்பித் தாருங்கள் என்றார். அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டு எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தார்.

திரும்பி வரும் ரயிலில் அவரோடு சண்டை பிடித்தேன். ஒரு சொல்லாவது உரத்துச் சொன்னீங்களோ, அவனுக்கு உறைக்கிற மாதிரி ஒண்டு கேட்டீங்களோ என்று.

“ஈஸ்ட் ஹாமில எங்கட ஆக்கள் ஒரு அறை வாடகைக்குக் குடுக்கேக்க என்ன கேக்கினம்?” என்றார். “எந்த ஊர், ஊரில எந்தப் பக்கம் எண்டு கேட்டுச் சாதியையெல்லோ பாக்கினம். வந்த புதுசில நான் எத்தினை கதவில நிண்டனான் எண்டு உமக்குத் தெரியுமோ?”

தெரியாது. கல்யாணம் கட்டி இவ்வளவு காலத்தில் அதை அவர் எனக்குச் சொன்னதே இல்லை. “அதுவும் அநியாயம்தான்,” என்றேன். “அதுக்காக இது சரியாகுமோ?” அவர் இல்லை என்று தலையாட்டினார். இப்போது எனக்கு ஒன்றுக்கு இரண்டு கோபம். இரண்டாவது கோபத்துக்கு எந்தக் கம்பனிக் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை.

இனப் பாகுபாட்டை விசாரிக்கும் அரசாங்க அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்துப் பார்த்தேன். வீடு வெளிநாட்டில் இருப்பதால் தங்களால் தலையிட முடியாது என்று பதில் வந்தது. பொய் லண்டனில்தானே சொல்லப்பட்டது என்று திரும்பவும் எழுதினேன். அதற்குப் பதிலே இல்லை.

ஆஸ்பத்திரியில் என்னோடு மத்தியானச் சாப்பாடு சாப்பிடும் ஒரு ஸ்பானிய நேர்ஸ் இருந்தாள். நடந்ததைக் கேட்டு என்னைவிட அவளுக்குக் கோபம் வந்தது. ஆங்கிலேயர் வராத தன் ஊருக்கு வரச்சொன்னாள். கடலிலிருந்து தூரம், காய்ந்த பூமி. அவளுடைய தாய் எங்களை வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போனா. அங்கே எல்லாரும் தேவதூதர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வீட்டுக்காரர் எங்களைக் கண்டதும் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, விற்கும் எண்ணம் இல்லை என்றார். நேர்ஸின் தாய் நடுத்தெருவில் நின்று அவரை ஏசிய ஏச்சில் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் மனம் குளிர்ந்தது.

கடைசியில் சைக்கிள் திருத்தும் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்த ஒரு பழைய வீட்டை வாங்கினோம். அதை விற்ற கிழவருக்கு ஒரே ஒரு கவலைதான். படுக்கை அறையில் இருந்த பெரிய அலுமாரியைப் படிகளால் இறக்க முடியாது, அதை உடைக்காமல் வைத்திருப்பீர்களா என்று கேட்டார். வைத்திருப்போம் என்றோம். மாரியில் என் கணவர் அங்கே இருந்தார். லீவு கிடைக்கும் போதெல்லாம் நான் போனேன்.

முதல் மாரியிலேயே, நான் சரியாகப் பிழியாமல் காயப்போட்ட போர்வையின் தண்ணீர் கீழ்வீட்டுக்காரியின் காய்ந்த துணியில் சொட்டியது. அவள் ஜன்னலால் தலையை நீட்டி என்னைப் பார்த்துக் கத்தினாள். எனக்குத் தெரிந்த ஸ்பானியச் சொற்கள் அரை நிமிடத்தில் முடிந்துபோயின. பிறகு தமிழில் கத்தினேன். இரண்டு பேரும் கை நீட்டி, களைக்கும்வரை ஏசிக்கொண்டோம். என் கணவர் அறைக்குள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

அவள் சொட்டும் போர்வையைக் காட்டிக் காட்டி, தண்ணீரைப் பற்றி மட்டும்தான் கத்தினாள். நான் போர்வையை எடுத்து, இன்னொரு முறை பிழிந்து போட்டேன்.