வாடகைக்கு வந்த மஞ்சள் வண்டி

நாற்காலியம்மாவைத் தெரியாதவர் அந்தக் கடைத்தெருவில் கிடையாது. பன்னிரண்டே நாற்காலியோடு வாடகைக் கடை திறந்த மனுஷி. இன்றைக்கு இரண்டாயிரம் நாற்காலி, முந்நூறு மேசை, இடுப்பில் எந்நேரமும் தொங்கும் கிடங்குச் சாவிக்கொத்து. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர்தான். ஆனால் வாடகைப் பேச்சு என்று வந்துவிட்டால் கோட்டு போட்ட வக்கீலும் அவரிடம் கைகட்டி நிற்க வேண்டும்.

கடைக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். சாமான் வெளியே போகும்போதே, அதில் இருக்கிற கீறலை எல்லாம் எடுப்பவர் கண்ணெதிரே சாக்பீஸால் வட்டம் போட்டு, சீட்டில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். தீக்குச்சி நீளத்துக்குக் குறைந்த கீறல் கணக்கில் சேராது. முப்பது வருஷத்தில் அந்த வாசலில் ஒரு சண்டை வந்ததில்லை.

அப்படிப்பட்டவர் முதல் தடவையாக ஒரு பொருளை வாடகைக்கு எடுக்கப் போனார். வீட்டுக்காரருக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகியிருந்தது. வாரம் மூன்று நாள் சிகிச்சை; போக வரத் தொண்ணூறு கிலோமீட்டர். கடையின் பழைய வேன் ஒவ்வொரு பள்ளத்திலும் அவரைத் தூக்கிப் போட்டு எடுத்தது. குலுங்காத, ஏறி இறங்கத் தோதான பெரிய எலெக்ட்ரிக் கார் மாத லீசுக்குக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, அவரையும் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குக் கிளம்பிவிட்டார்.

டை கட்டிய விற்பனையாளர் பளபளப்பான தாளை நீட்டினார். “மேடம், மாசம் இவ்வளவுதான். கையெழுத்துப் போட்டா நாளைக்கே வண்டி.”

“எடுத்துட்டுப் போற தாள் எப்பவும் இனிக்கத்தான் தம்பி செய்யும். திருப்பிக் குடுக்கிற அன்னிக்கு நீட்டுவீங்களே ஒரு தாள், அதை முதல்ல காட்டு.”

விற்பனையாளர் விழித்தார். “மூணு வருஷம் கழிச்சுத்தானே மேடம் அது?”

“நான் அந்தத் தாளை வெச்சுத்தான் முப்பது வருஷமாச் சாப்பிடறேன்.”

தாள் வந்தது. பொடி எழுத்து. விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, ஒரு வரி விடாமல் படித்தார். வீட்டுக்காரர் அதற்குள் இரண்டு காபி குடித்துவிட்டார். விரல் ஓர் இடத்தில் நின்றது. வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர். தாண்டினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனிக்காசு.

நாற்காலியம்மாவுக்குக் கவலை வந்தது. காசைப் பற்றி அல்ல, கட்டினவரைப் பற்றி. ஆஸ்பத்திரிக்கு மட்டுமே பதினாலாயிரம் ஓடும். இந்த மனுஷன் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்து, ‘இந்த வாரம் வலி தேவலை, போக வேண்டாம்’ என்று படுத்துவிடுவார். அப்புறம் எந்த வண்டி இருந்து என்ன?

“பதினெட்டாயிரம் போடு. மாசக்காசு ஏறக்கூடாது.”

விற்பனையாளர் ஓடிப்போய் மேனேஜரைக் கூட்டி வந்தார். மேனேஜர் சிரித்தார். “கட்டுப்படியாகாதும்மா.”

“பின்பக்கம் இதே கார் மஞ்சளா ஒண்ணு நிக்குதே, எத்தனை மாசமா நிக்குது?”

“அது இப்பத்தான் வந்துச்சு...”

“டயருக்கு அடியில சருகு மக்கிப்போய்க் கிடக்குது. இப்பத்தான் வந்துச்சாமில்ல! கிடங்குல தூங்குற சாமான் ஒரு காசு சம்பாதிக்காது, இது எனக்குத் தெரியாதா? அதை நான் எடுத்துக்கறேன். கிலோமீட்டரை நீங்க குடுங்க.”

வீட்டுக்காரர் முனகினார். “மஞ்சளா? டாக்சின்னு நெனச்சு நாலு பேர் கைகாட்டி ஏறப் பாப்பாங்க.”

“ஏறட்டும், நீங்க டிக்கெட் கிழிங்க. சும்மா இருங்க!”

மேனேஜர் தலையைச் சொறிந்தார், உள்ளே போனார், போன் பேசினார், வந்தார். “சரிம்மா, பதினெட்டாயிரம்.”

“பேட்டரி தேஞ்சா?”

“கம்பெனி பொறுப்பு. எழுதித் தர்றேன்.”

“கீறல்? இதுல ‘அதிகப்படி தேய்மானம்’னு மொட்டையாப் போட்டிருக்கு. எது அதிகம், உங்க மனசு நினைக்கிறதா?” பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, ஒரு குச்சியை மேசையில் வைத்தார். “இந்த நீளம் வரைக்கும் கணக்கில்லைன்னு எழுதுங்க.”

விற்பனையாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அளந்தார். மேனேஜர் எழுதி, முத்திரை குத்தினார்.

மறுநாள் வண்டியைக் கழுவி நிறுத்தியிருந்தார்கள். நாற்காலியம்மா சாக்பீஸோடு சுற்றி வந்தார். பின்கதவில் ஒன்று, பம்பரில் ஒன்று என்று பழைய கீறல் இரண்டுக்கு வட்டம் போட்டார். இரண்டு தரப்பும் கையெழுத்திட்டது. பிறகு வீட்டுக்காரரை ஏற்றி உட்கார வைக்கக் குனிந்தார்.

க்ரீச்!

இடுப்புச் சாவிக்கொத்து முன்கதவில் கோடு இழுத்துவிட்டது. விற்பனையாளர் அந்தப் பக்கம் திரும்பி நின்றார், பார்க்கவில்லை. வீட்டுக்காரர் கண்ணைக் காட்டினார்: பேசாமல் வா.

நாற்காலியம்மாவா பேசாமல் வருவார்? முப்பது வருஷம் ஊரைக் கையெழுத்துப் போட வைத்தவர், தன் கோட்டை மறைப்பாரா? அதற்கும் வட்டம் போட்டார். “தம்பி, இங்க வா. இது என் கோடு. நான் எடுத்ததுக்கு அப்புறம் விழுந்தது. எழுதிக்கோ.”

மேனேஜரும் வந்து குனிந்து பார்த்தார். கையை நீட்டினார். “அம்மா, அந்தத் தீப்பெட்டியைக் குடுங்க.”

குச்சியைக் கோட்டின் மேல் வைத்தார். குச்சிதான் நீளம், அரை விரற்கடை மிச்சம் இருந்தது. வட்டத்தைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்தார். “கணக்குல வராதும்மா. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.”

நாற்காலியம்மா சாவிக்கொத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். சத்தமே இல்லாமல் வண்டி நகர்ந்தது. முதல் பள்ளம் வந்தது. வீட்டுக்காரர் வழக்கம்போல் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். பள்ளம் போயே போய்விட்டது.

“தாண்டிட்டோமா?” என்றார்.

“தாண்டியாச்சு. மீட்டரைப் பாக்காம ரோட்டைப் பாருங்க.”