மாலைக்குள் இருவர்

எங்கள் கூடத்தில் கல்யாணப் போட்டோ தொங்குகிறது. என் மனைவிக்குப் போட்டோ என்றாலே ஆகாது; அவள் இருக்கும் ஒரே படம் அதுதான். அவள் போனபின் மகன் அதற்கு மாலை போட்டான். மாலைக்குள் நானும் இருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் சுந்தரபாண்டியத்து அக்கா நினைவு வந்துவிடுகிறது.

அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா அலுவலகத்தில் தற்காலிக ஊழியன். விதவை உதவித்தொகை வாங்குகிறவர்களில் தகுதியில்லாதவர்களைக் கழிக்க வீடு வீடாகப் போகும் வேலை. என் பட்டியலில் இருந்த சுந்தரபாண்டியத்து அக்கா வீடு பூட்டியிருந்தது. உச்சி வெயில், தெருவே காட்டு வேலைக்குப் போயிருந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு படம், மேலே சாமந்தி மாலை. அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நானே முடிவுகட்டி, ‘இறப்பு’ என்று எழுதினேன். கூறுகெட்டவன், அடுத்த தெருவிலாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மூன்றாம் மாதம் அவர் என் மேசை முன் நின்றார். ராஜபாளையம் பேண்டேஜ் மில்லிலிருந்து நேரே வந்திருந்தார். புருவமெல்லாம் வெள்ளைப் பஞ்சு.

“தம்பி, நான் செத்துட்டேனாம்ல? இருமல் மாத்திரை வாங்கக் காசில்ல. உசுரோட இருக்கேன்னு எழுதுங்க.”

கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினேன். ‘இறந்தவர்’ என்றது. அவர் குனிந்து பார்த்தார். திரையில் அந்தச் சொல்லின்மேல் அவர் முகம் நிழலாக விழுந்தது. எழுதியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமைதோறும் மனுவோடு வந்தார். ஒருநாள் சொன்னார்: “ரேஷன் அரிசி எல்லாருக்கும் குடுக்கீக. அதுக்கு யாரும் ஜன்னல்ல எட்டிப் பாக்கல. இதையும் புருசன் இல்லாத அம்புட்டுப் பேருக்கும் குடுத்தா என்ன? பணக்காரிக நாலு பேரு வாங்குனா வாங்கிட்டுப் போறாக.”

அதிகாரியிடம் சொன்னேன், சிரித்தார். இத்தனை செழிப்பான மாநிலத்தில் அந்த நாலு பேரைத் தடுக்கத்தான் என்னைத் தெருத்தெருவாக அனுப்பியிருந்தார்கள்.

கடைசியில் அவர் உயிரோடிருப்பதாக ஆணை வந்தது. நானே கொண்டுபோனேன். வீடு பூட்டியிருந்தது. அதே ஜன்னல், அதே படம். மாலை மட்டும் புதிது. இந்தத் தடவை நகரவில்லை. பொழுது சாய, எதிர்வீட்டுப் பெண் வந்தார்.

“அவிய போயி எட்டு நாளாச்சு. மாலை நாந்தேன் போட்டேன். வேற படம் இல்ல.”

நான் எழுதிவைத்தபடியே நடந்துவிட்டது என்று தோன்றியது. அந்தப் பயம் இன்றும் விடவில்லை.

போன வாரம் கொல்லையிலிருந்து உள்ளே வந்தேன். முன்கதவு சாத்தியிருந்தது. ஜன்னலில் ஒரு பெண்ணின் முகம்; கணக்கெடுக்க வந்தவள். கண் கல்யாணப் படத்தில், விரல் கையிலிருந்த டேப்லெட் திரையில்.

“ஏ தாயி, எழுதிராத! நான் இருக்கேன்!” என்று கத்திக்கொண்டே ஓடினேன்.