வேலை தெரியாத கஸ்தூரி

புது ரப்பர் வாசம், அதன்மேல் கிரீஸ் வாசம்... செஞ்சியில் திண்டிவனம் ரோட்டோரம் இருந்த அந்தக் குழாய் கம்பெனியை நினைத்தாலே முதலில் மூக்கில் ஏறுவது இதுதான். அடுத்து ஏறுவது கோபம்.

டிப்ளமோ முடித்து நான் சேர்ந்த முதல் வேலை. சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் போவேன். குழாய்க்குள் போகும் பித்தளைத் துண்டில் ரப்பர் வளையம் மாட்டுவது கஸ்தூரியின் வேலை. தொண்டூர்க்காரி, என் வயசுதான். நான் ஒன்று மாட்டுவதற்குள் அவள் ஐந்து மாட்டிவிடுவாள்.

வெளிநாட்டு ரோபோ கட்டுப்படியாகாது, மலிவாக ஒரு மிஷின் செய்து கொடு என்றார் மேனேஜர். நான் செய்தவையெல்லாம் வளையத்தை முறுக்கிக் கிழித்தன. பிறகுதான் கஸ்தூரியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை செல்போனில் வீடியோ எடுத்தேன். வளையத்தின் ஒரு ஓரத்தை இடது கட்டைவிரல் அழுத்திப் பிடிக்கும்... வலது விரல் சுற்றிலும் உருட்டிக்கொண்டே வரும்.

அதையே செய்தேன். ஒரு விரலுக்குப் பதில் ரப்பர் பட்டன், இன்னொரு விரலுக்குப் பதில் சின்ன உருளை, இழுக்க சைக்கிள் பிரேக் வயர். அது ஓடியபோது என்னைவிட அவள்தான் அதிகம் சிரித்தாள். மிஷினை நீதான் ஓட்டப்போகிறாய் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

மறு மாதமே அவளை நிறுத்திவிட்டார்கள். கையில் கொடுத்த கடிதத்தில் "தொழில் திறன் அற்றவர்" என்று இருந்தது. நானும் படித்தேன்... மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

மார்கழி வந்தது. காலை ஷிப்டில் மிஷின் வளையங்களைக் கிழித்துத் தள்ளியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேனேஜரே கஸ்தூரிக்கு ஆள் அனுப்பினார்.

வந்தாள். ஒரு வளையத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"பனியில வெறச்சுப் போயிருக்குது சார். நான் ஒரு பிடி அள்ளி, கொஞ்ச நேரம் கையில மூடி வச்சிருந்துதான் மாட்டுவேன். வளையத் தட்டுக்கு அடியில, சூட்டுக்கு ஒரு குண்டு பல்பு கட்டுங்க."

கட்டினோம். அதன்பிறகு ஒன்றுகூடக் கிழியவில்லை. நாளையிலிருந்து வேலைக்கு வந்துவிடு என்றார் மேனேஜர்.

"வேல தெரியாதுன்னு எழுதிக் குடுத்தீங்களே சார்... அத மாத்தி எழுதிக் குடுங்க. வரேன்."

அவர் கம்பெனி ரூல் என்று ஏதோ சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். நான் பல்பைப் பார்த்தேன். அவள் போய் பஸ் ஏறிவிட்டாள்.

அந்த வருஷ ஆண்டு விழாவில் மிஷினுக்காக எனக்குச் சால்வை போட்டார்கள். வெட்கமில்லாமல் போர்த்திக்கொண்டேன். மேனேஜர்மேல் இருக்கும் கோபத்தைவிட என்மேல் இருப்பது பெரிது.

இப்போது சொந்தமாக மிஷின் செய்து கொடுக்கிறேன். அன்று விலை கேட்கவே பயந்த சென்சாரெல்லாம் இன்று ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கிறது. ஆனாலும் அந்தந்த வேலையைச் செய்பவரின் கையைப் பார்க்காமல் ஒரு மிஷின்கூட எனக்கு அமைந்ததில்லை. டிராயிங்கில் அவர் பெயரையும் எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு முதலாளி, "லேபர் பேரெல்லாம் எதுக்குங்க? எடுத்துடுங்க" என்றார். டிராயிங்கைச் சுருட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

கஸ்தூரி இப்போது செய்யாறு பக்கம் ஏதோ ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராம். நம்பர்கூடக் கிடைத்துவிட்டது...

இன்னும் கூப்பிடவில்லை.