கம்ப்ரசர் சத்தத்துக்கு ஒரு சாயா

என் வீட்டுக்காரர் தங்கதுரைக்குப் பேச்சு கொஞ்சம், வீம்பு நிறைய. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து, கார் ஏ.சி. பழுது பார்க்கும் கடை போட்டு, சுள்ளிக்கல் வரைக்கும் பெயர் வாங்கியவர். காலமெல்லாம் ஓடுகிற என்ஜினுக்குள் தலையைக் கொடுத்து நின்றதில் காது மெல்ல மெல்லப் போய்விட்டது. நேர் எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவார். கம்ப்ரசருக்கு ஏது உதடு?

காதுக்கு மிஷின் வாங்கலாம் என்று நான் கத்தாத நாளில்லை. "செவிடன்கிட்ட எவன் வண்டியை விடுவான், மகா? வெளிய தெரிஞ்சா கடையை இழுத்து மூடிட வேண்டியதுதான்" என்று ஒரு தடவை சொன்னார். அதோடு மிஷின் பேச்சை நான் எடுக்கவில்லை.

அப்புறம்தான் இந்தச் சாயா ஏற்பாடு. கடைக்குப் பின்னாலேயே வீடு. வண்டி வந்து நின்றால் நான் சாயாத் தட்டோடு வெளியே வந்துவிடுவேன். ஏ.சி. போட்டால் மட்டும் சத்தம் வந்தால் கோளாறு கம்ப்ரசருக்குள்ளே, செலவு பெரிது. ஏ.சி.யை அணைத்த பிறகும் சத்தம் கேட்டால், பெல்ட்டோடு சும்மா சுற்றிக்கொண்டிருக்கிற புல்லியின் பேரிங் தேய்ந்திருக்கும். இதெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். அணைத்த பிறகும் கேட்டால் நான் முந்தானையால் முகத்தைத் துடைப்பேன். இந்த ஊர்ப் புழுக்கத்தில் முகம் துடைக்கிறவளை யார் சந்தேகப்படப்போகிறார்கள் என்று எனக்கொரு நினைப்பு.

ஏப்ரல் வெயிலில் ஒரு மத்தியானம் டாக்சிக்கார ரதீஷ் வந்தான். எப்போதும் எங்களிடம் வருகிற பையன். கூடவே அவன் மனைவி சுமா. இடப்பள்ளியில் ஒரு கடையில் கம்ப்ரசரையே மாற்ற வேண்டும் என்றார்களாம்; அவன் முகம் செத்துப்போயிருந்தது. வந்ததும் வராததுமாக, "மகாச்சேச்சி, ஒரு சாயா" என்று வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான். நான் தட்டோடு வந்து சேருகிற வரைக்கும் என்ஜினை ஸ்டார்ட் செய்யவேயில்லை.

ஏ.சி. போட்டான்; கரகரவென்று அரைத்தது. அணைத்தான், அப்போதும் அரைத்தது. நான் முகத்தைத் துடைத்தேன்.

இவர் என்ஜினை நிறுத்தச் சொல்லி, பெல்ட்டைக் கழற்றி, புல்லியைக் கையால் சுற்றிப் பார்த்தார். உள்ளே இருக்கிற சொரசொரப்பு விரலுக்குத் தெரிந்துவிட்டது. கம்ப்ரசருக்கு ஒன்றுமில்லை, பேரிங் மாற்றினால் போதும் என்றார். ரதீஷுக்கு உயிர் வந்தது.

அவர் வேலையில் குனிந்ததும், ரதீஷுக்கு ஒரு கிளாஸைக் கொடுத்துவிட்டு, நிழலில் நின்ற சுமாவுக்கு ஒன்றை நீட்டினேன். "எங்க சேட்டனுக்கு மாத்திரம் கொடுக்காதீங்க, சேச்சி. வயித்துல புண்ணு. ஓணத்துக்கு முன்னேயே சாயாவை நிறுத்தியாச்சு" என்றாள். திரும்பிப் பார்த்தேன். ரதீஷ் ஓரமாகத் திரும்பி நின்று, நான் கொடுத்த சாயாவைச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

ஓணத்துக்குப் பிறகு எத்தனை தடவை வந்திருக்கிறான், எத்தனை சாயா கேட்டு வாங்கியிருக்கிறான்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக நினைத்த என் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்ல. அவனுக்கு வேண்டியிருந்தது சாயா இல்லை, என் காதுதான். அந்தப் பையனைக் கட்டிக்கொண்டு அழலாம்போல் இருந்தது. உள்ளே போய்ச் சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர், இந்த ஊர்ப் பேச்சில் சீரக வெள்ளம், கொண்டுவந்து கொடுத்தேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் குடித்துவிட்டு கிளாஸைத் தந்தான்.

பேரிங் மாற்றியதும் சத்தம் நின்றது. குளிர்காற்று முகத்தில் அடிக்க இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள். இவரிடம் சொல்வதா வேண்டாமா என்று தடுமாறினேன். ரதீஷுக்கே தெரியும் என்றால் ஊருக்கும் தெரிந்திருக்கும்; அது தெரிந்தால் கடையை மூடிவிடுவாரே. கிளாஸ்களை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தேன்.

"இனிமே ரதீஷுக்குச் சீரக வெள்ளம்தானா?" என்றார்.

நான் கிளாஸ்களோடு அப்படியே திரும்பினேன்.

"அவன் சாயாவை ஊத்துறதை ரொம்ப நாளாப் பாக்குறேன். காதுதானே போச்சு, கண்ணு இருக்குல்லா."

அவருக்கு நேர் எதிரே போய் நின்று, தெரிந்துமா என்னிடம் சொல்லாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன். ஊருக்கே தெரிந்த பிறகு மிஷின் வாங்கினால்தான் என்ன என்றும் கேட்டேன்.

"வாங்கிட்டா, அப்புறம் நீ சாயா எடுத்துட்டு வர மாட்டியே, மகா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அப்போது எந்த வண்டியும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.