விழுந்தாச்சு என்று சொன்னவள்

பொறாமை என்ற ஒன்று தனக்குள் இருப்பதே மூத்தவளுக்கு நாற்பத்து மூன்று வயது வரை தெரியாது. கடவுள் புண்ணியத்தில் அதற்கு வேலை வராமலே இருந்தது. அண்ணன் தம்பி இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. உப்பு டப்பா எந்தப் பலகையில் இருக்க வேண்டும் என்பதைக்கூட மூத்த மருமகளான அவள்தான் முடிவு செய்வாள். தையல் கம்பெனியில் பதினெட்டு வருடமாகப் பட்டன் மிஷின். அங்கே யாருக்கு மனக்கஷ்டம் என்றாலும், "அக்கா, ஒரு நிமிஷம்" என்று அவளிடம்தான் வந்து நிற்பார்கள்.

கொழுந்தன் மனைவி, அதாவது இளையவள், அதே கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. சூப்பர்வைசரிடம் சிபாரிசு செய்ததே மூத்தவள்தான். அந்த வாயை இப்போது நினைத்தால் கிள்ளிக்கொள்ளத் தோன்றும்.

கம்பெனியின் பின்சுவரோரம் பெண்கள் சைக்கிள் விடுவார்கள். ஒரே மாதத்தில் மூன்று சைக்கிள் காணாமல் போயின. முன்வாசலை விட்டு நகர முடியாது என்று வாட்ச்மேன் கையை விரித்துவிட்டார். மூத்தவள் கடவுளை வேண்டிக்கொண்டாள். இளையவள் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

இரண்டிரண்டு சைக்கிளாக எதிரெதிரே நிறுத்தி, ஒரே சங்கிலி, ஒரே பூட்டு. பூட்டுகிறவள் ஒருத்தி, சாவி வைத்திருப்பவள் இன்னொருத்தி. ஜோடி தினமும் மாறும். பூட்டியவள் இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, "விழுந்தாச்சு!" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். எல்லா ஜோடியும் சொல்லி முடிக்கும் வரை யாரும் உள்ளே போகக் கூடாது.

முதலில் சிரித்தார்கள். ஆனால் சாயங்காலம் ஜோடிக்காரி வராமல் வண்டியை எடுக்க முடியாதே! காத்திருந்தார்கள், காத்திருந்ததில் பேசினார்கள், பேசியவர்கள் சேர்ந்தே மிதித்துப் போனார்கள். ஒருத்திக்குப் பஞ்சர் என்றால் பதினாறு பேரும் இறங்கித் தள்ளினார்கள். நாலு மாதமாக ஒரு சைக்கிளும் போகவில்லை.

கூட்டத்துக்கு நடுவில் எப்போதும் இளையவள். கடைசியில், கிரீச் கிரீச்சென்று கத்தும் பழைய வண்டியில், மூத்தவள்.

"உங்க ஓரகத்திக்கு மூளைன்னா மூளைக்கா!" என்றாள், கம்பெனியில் தைத்த துணிகளைத் தேய்க்கும் இஸ்திரிக்காரி ஒருநாள்.

"ஆமா. அடுப்புல பால் வச்சா மட்டும் அந்த மூளை எங்கயோ போயிடும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வயிறு எரிந்தது.

வீட்டிலும் விடவில்லை. "தம்பி பொண்டாட்டி நம்ம குடும்பத்துக்கே பேரு வாங்கிக் குடுத்துட்டா" என்றார் கணவர்.

"அப்போ நான் இத்தனை வருஷமா வாங்கிட்டு வந்ததெல்லாம் காய்கறி மட்டுந்தானா?" என்று தட்டை ணங்கென்று வைத்தாள்.

வேலைக்குக் கிளம்பும் முன் கண்மூடி, வீட்டில் உள்ளவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டுவது அவள் வழக்கம். இளையவள் பெயர் வரும்போது இப்போதெல்லாம் நாக்கு தடுக்கும். வேகமாகத் தாண்டிப் போய்விடுவாள்.

ஒரு வியாழக்கிழமை. மூத்தவளுக்கு அன்று ஜோடி இஸ்திரிக்காரி. அவளுடையது புது சைக்கிள். விபத்தில் கால் போன கணவனைப் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, கனமான கேரியர் போட்டு வாங்கியது. மூத்தவள் சங்கிலியைக் கோத்துக்கொண்டிருந்தபோது பின்னால் பேச்சு கேட்டது. பக்கத்துக் கம்பெனிப் பெண்களும் இந்த ஏற்பாட்டைக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். இளையவளை வந்து பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்களாம்.

ஒரே ஒரு தடவை இது தப்பிப் போகட்டுமே என்று நினைத்தாள். பூட்டின் கொக்கியைத் துளையில் வைத்தாள், அழுத்தவில்லை. இழுத்துப் பார்ப்பதுபோல் கையை மட்டும் அசைத்தாள்.

"விழுந்தாச்சு!"

குரல் கணீரென்றுதான் வந்தது.

பகல் முழுக்கப் பட்டன் மிஷின் டக் டக்கென்று அடித்தது. ஒவ்வொரு டக்கும் பூட்டு போடாத சத்தமாகவே கேட்டது. ஓடிப்போய் அழுத்திவிடலாம் என்று இரண்டு முறை எழுந்தாள். இரண்டாம் முறை, இளையவளைச் சுற்றி நாலு பேர் சிரிப்பது கண்ணில் பட்டது. திரும்ப உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் சுவரோரம் அவளுடைய பழைய வண்டி மட்டும் சாய்ந்து நின்றது. புது சைக்கிளும் இல்லை, சங்கிலியும் இல்லை.

"ஐயோ, என் வண்டி!"

கூட்டம் கூடிவிட்டது. "பெரிய ஏற்பாடு பண்ணினா! இப்போ பாரு!" "அவள நம்பினோமே, நம்மளச் சொல்லணும்." இளையவள் இன்னும் வெளியே வரவில்லை. இத்தனை நாள் ஏங்கிய பேச்சு காதில் விழுந்ததும், மூத்தவளுக்கு ஒரு கணம் தேன்போல் இனித்தது. மறு கணம் இஸ்திரிக்காரி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அவர எப்படிடி தூக்கிட்டுப் போவேன்?"

"நான்தான் பூட்டல" என்றாள் மூத்தவள்.

"என்னக்கா சொல்றீங்க?"

"பூட்டாமலே விழுந்தாச்சுன்னு சொன்னேன். அவ மேல இருந்த எரிச்சல்ல, வேணும்னே செஞ்சேன். அவளத் திட்டாதீங்க."

அப்போதுதான் மூலை திரும்பி இளையவள் வந்தாள். பின்னால் வாட்ச்மேன் புது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். மத்தியானம் தண்ணீர் பிடிக்க வந்தவள், எவனோ வண்டியைத் தள்ளுவதைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள். அவன் சங்கிலியோடு ஓடிவிட்டான். வண்டியை வாட்ச்மேன் அறையில் விட்டுவிட்டு வருவதற்குள் சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டார். இடத்தை விட்டுப் போனதற்குத் திட்டு, கூடுதல் வேலை. யாரிடமும் சொல்ல முடியவில்லை.

"பூட்டு பழசு, சரியா விழலன்னு நெனச்சேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், எல்லோர் முகத்தையும் பார்த்து நின்றாள். கடைசியில் மூத்தவளைப் பார்த்தாள். "வேணும்னேவாக்கா?"

"ஆமா."

ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்குமே தெரிந்திருக்காது.

இஸ்திரிக்காரி எழுந்து தன் வண்டியைத் தடவிப் பார்த்தாள். "இனிமே என்கூட ஜோடி சேராதீங்க" என்றாள்.

வீடு வரை இளையவள் சேர்ந்து மிதிக்கவில்லை. பத்தடி முன்னாலேயே போனாள். மேட்டில் மட்டும், மூத்தவளுக்கு மூச்சு வாங்கும் இடத்தில், மெதுவாக மிதித்தாள்.

மறுநாள் காலை மூத்தவளுக்கு எதிரே வண்டி நிறுத்த யாரும் வரவில்லை. பதினைந்து பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். கடைசியில் ஒரு முன்சக்கரம் அவள் சக்கரத்துக்கு எதிரே வந்து நின்றது. இளையவளுடையது. இதிலும் இவளே முந்திக்கொண்டாளே என்று மனது சுருக்கென்றது. என்ன செய்ய, அது அவ்வளவு சீக்கிரம் போகிற வியாதி இல்லை.

"புதுப் பூட்டுக்கா. நீங்க பூட்டுங்க. சாவி எங்கிட்ட இருக்கட்டும்."

மூத்தவள் அழுத்தினாள். டக். இரண்டு தடவை இழுத்தாள். இன்னும் இரண்டு தடவை இழுத்தாள்.

"விழுந்தாச்சு" என்றாள். பக்கத்தில் நின்ற இளையவளுக்கே சரியாகக் கேட்டிருக்காது.

யாரும் உள்ளே போகவில்லை.

"கேக்கல!" என்றாள் அந்தக் கடைசியிலிருந்து இஸ்திரிக்காரி.